பிங்கா ஓயாவுக்குக் கம்பித் தடுப்பு: கட்டும் செலவும் கழுவும் செலவும்

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளிக்குப் பிறகு கண்டிப் பக்கத்தில் வியாபாரிகள் கூடுகின்ற எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கோரிக்கை காதில் விழுகிறது. "ஓயாவுக்குக் குறுக்கே கம்பித் தடுப்பு ஒன்றைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மேலிருந்து வருகின்ற குப்பையும் மரமும் டவுனுக்குள் வராமல் நின்றுவிட்டால் பாதிக் கஷ்டம் தீரும்" என்கிறார்கள். அக்குறணையில் பிங்கா ஓயாவுக்குக் கேட்கிறார்கள். கண்டி நகரில் மெத எலவுக்குக் கேட்கிறார்கள். கம்பளையிலும் கெலிஓயாவிலும் மகாவலியில் வந்து விழும் சிறு ஓடைகளுக்குக் கேட்கிறார்கள்.

கேட்பதில் பிழையில்லை. கடைக்குள் இடுப்பளவு சேறு புகுந்தவனிடம் பொறுமையாக இரு என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் இது வியாபாரப் பத்தி. ஒரு சாமானை வாங்க முன்னர் வாங்கும் விலையையும் வைத்திருக்கும் செலவையும் சேர்த்துப் பார்ப்பது எமது தொழில் பழக்கம். லொறி வாங்கப் போகிறவர் லீசிங் தவணையை மாத்திரம் பார்ப்பதில்லை. டயர், சாரதியின் சம்பளம், வரிப்பத்திரம், காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் கையொப்பம் வைக்கிறார். ஓயா விடயத்தில் மாத்திரம் கட்டும் விலையோடு ஏன் நிறுத்திக்கொள்கிறோம்?

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். கம்பி, சீமெந்து, வலை எல்லாம் விற்பவன். ஓயாக்களுக்கெல்லாம் தடுப்புப் போட்டால் எனக்கு நஷ்டமில்லை. அண்மையில் அக்குறணை நண்பர் ஒருவர், "என்ன நானா, கம்பி விக்கிற நீங்களே இதை யோசிக்கணும் எண்டு சொன்னா எப்புடி?" என்று கேட்டார். விற்பவனுக்குத்தானே சாமானின் குறையும் தெரியும் என்றேன்.

பிங்கா ஓயாவை எடுத்துக்கொள்வோம். அலவத்துகொடைப் பக்கத்து மலைகளிலிருந்து தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, கண்டி - மாத்தளை வீதியை ஒட்டியபடி அக்குறணை டவுனைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியோடு சேர்கிற ஓயா இது. நீளமான ஆறு அல்ல. மலைச் சரிவு என்பதால் மேலே பெய்கின்ற மழை மிகக் குறுகிய நேரத்தில் டவுனுக்கு வந்துவிடுகிறது. அக்குறணையில் வெள்ளம் புதிய செய்தியல்ல. துனுவில வீதிச் சந்திப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் வானம் கறுத்தால் கீழ்த்தட்டு சாமானை மேல்தட்டுக்கு ஏற்றப் பழகிவிட்டார்கள். 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் அக்குறணையும் மூழ்கியது, கண்டிப் புகையிரத நிலையமும் மூழ்கியது. அதற்கு முன்னரும் பல தடவைகள் வந்தன. பிறகு டித்வா.

ஓயாவில் என்ன வருகிறது என்பதைப் பார்க்காமல் தடுப்பைப் பற்றிப் பேசுவது அளவெடுக்காமல் கதவு செய்வது போன்றது. வெள்ளம் வடிந்த மறுநாள் பாலத்தடியில் போய் நின்று பாருங்கள். ஷொப்பிங் பேக்கும் பிளாஸ்டிக் போத்தலும் கண்ணுக்கு முதலில் தெரியும், ஏனென்றால் அவை நிறத்தோடு மேலே கிடக்கின்றன. அதற்குக் கீழே இருப்பவைதான் பாரமானவை. மூங்கில் புதர், வாழைமரம், மில்லில் கழித்த பலகைத் துண்டு, பழைய மெத்தை, உரமூட்டைச் சாக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் மண். மண்தான் அதிகம். மலையில் வீதி வெட்டிய மண், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டித் தள்ளிய மண், சரிவில் மரம் இல்லாததால் கரைந்து வந்த மண்.

இவற்றில் மிதக்கும் சாமானை ஒரு வகைத் தடுப்புப் பிடிக்கும். உருண்டு வருவதை இன்னொன்று பிடிக்கும். கரைந்து வரும் மண்ணை எந்தக் கம்பியும் பிடிக்காது.

உலகில் பல ஊர்களில் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். எமது நாட்டிலேயே 2020இல் தெஹிவளைக் கால்வாயில் மிதக்கும் குப்பைப் பொறி ஒன்றைப் போட்டார்கள். தண்ணீரின் மேல் மிதந்தபடி, அடித்து வரும் பிளாஸ்டிக்கை ஓரிடத்தில் சேர்க்கும். கடலுக்குப் பக்கத்தில் மெதுவாக ஓடுகிற கால்வாய்க்கு அது பொருந்தும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2014 முதல் தண்ணீர்ச் சக்கரம் ஒன்று வேலை செய்கிறது. ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றுகிறது, ஓட்டம் குறைந்தால் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது, குப்பை தானாகப் பட்டியில் ஏறித் தொட்டியில் விழுகிறது. அதைக் கட்ட 7 இலட்சம் டொலருக்கு மேல் செலவானது. அதுவும் ஆறு துறைமுகத்தில் விழும் சமதரையான இடம்.

எமக்கு நெருக்கமான பாடம் குவாத்தமாலாவில் இருக்கிறது. எம்மைப் போல மலைநாடு. மழை பெய்தால் திடீரெனப் பொங்குகின்ற ஆறு. 2022இல் அங்கே லாஸ் வாகாஸ் என்ற ஆற்றில் கடலைச் சுத்தப்படுத்தும் நெதர்லாந்து அமைப்பொன்று பெரிய இரும்பு வேலியை நாட்டியது. குப்பையை வேலி பிடிக்கத்தான் செய்தது. ஆனால் வெள்ளம் வந்தபோது குப்பை சேர்ந்த வேலி அணைக்கட்டுப் போலாகி, தண்ணீர் அடியிலிருந்த அத்திவாரத்தைத் தோண்டியதால் வேலி நிற்கவில்லை. அடுத்த வருடம் அதே அமைப்பு வேலியைக் கைவிட்டு, நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதக்கும் தடுப்புகளுக்கு மாறியது. காசும் பொறியியலாளர்களும் தாராளமாக உள்ள அமைப்புக்கே முதல் முயற்சியில் நடந்தது இது.

காரணம் விளங்குவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வெறும் கம்பிக்கு இடையால் தண்ணீர் போய்விடும். கம்பியில் பொலித்தீன் ஒட்டி, அதன்மேல் இலை ஒட்டி, அதன்மேல் சாக்கு ஒட்டினால் அது கம்பியல்ல, பலகை. பலகைக்குப் பின்னால் தண்ணீர் உயரும், உயர்ந்த தண்ணீர் பக்கத்துக் கடைக்குள் வரும். கம்பியின் இடைவெளியைக் குறைத்தால் குப்பை நன்றாகப் பிடிபடும், அதே அளவுக்கு விரைவாக அடைபடும். இடைவெளியைக் கூட்டினால் அடைபடாது, ஆனால் பிடிக்கவும் மாட்டாது. இங்கிலாந்தில் மதகுகளின் வாயில் இப்படித் தடுப்புப் போடுவதற்கு அரசாங்க வழிகாட்டி இருக்கிறது. அது முதலில் கேட்பதே 'இங்கே தடுப்பு உண்மையில் தேவையா' என்றுதான். அடைபட்ட தடுப்பு தானே வெள்ளத்துக்குக் காரணமாகும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் எழுதிய கேள்வி அது.

என் கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் வீதியோரத்து வடிகான் வாயில் ஓர் அலுவலகம் கம்பித் தடுப்பைப் பொருத்தியது. வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அளவும் சரி, வெல்டிங்கும் சரி. அதை யார் கழுவுவது என்று மாத்திரம் எந்தக் கடிதத்திலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெருமழை. அரை மணித்தியாலத்தில் தடுப்பு அடைபட்டு, வடிகானில் போக வேண்டிய தண்ணீர் வீதியில் ஏறி நான்கு கடைகளுக்குள் வந்தது. அலுவலகத்துக்கு எடுத்த தொலைபேசிக்குப் பதிலில்லை. ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? கடைசியில் பக்கத்துக் கடைப் பையன் ஒருவன் அலவாங்கால் கம்பியை நெம்பிக் கழற்றிய பிறகுதான் தண்ணீர் வடிந்தது. கழற்றிய கம்பியைத் திரும்ப யாரும் போடவில்லை. இப்போது அதன் மேல் யாரோ பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

இதில் காசுக் கணக்கு என்ன? கம்பியின் விலை ஒரு தடவைச் செலவு. கழுவுவது நாளாந்தச் செலவு. மழை நாளில் அது மணித்தியாலச் செலவு. இரவு இரண்டு மணிக்கு மழை பெய்தால் இரண்டு மணிக்கே ஆள் நிற்க வேண்டும். அந்த இடத்துக்கு டிராக்டரோ பெக்கோவோ போகப் பாதை வேண்டும். பாதையில்லாத இடத்தில் தடுப்புப் போட்டால் ஆளை இறக்க வேண்டும், பொங்குகின்ற ஓயாவில் ஆளை இறக்கினால் உயிர் போகும். கேட்பவர்களும் கொடுப்பவர்களும் பேசுவது இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும்தான்.

கடன் தருகின்றவர்களின் பழக்கமும் இதற்கு ஒரு காரணம். 2014இல் உலக வங்கி கண்டிக்கும் காலிக்குமாக 14 கோடியே 70 இலட்சம் டொலர் கடன் அனுமதித்தது. கண்டி நகரின் வடிகால் வேலைகளும் அந்தத் திட்டத்துக்குள் வந்தன. அதற்கு முன்னர் ஜப்பானின் ஜைக்கா கடனில் நகரக் கழிவுநீர்த் திட்டம் வந்து, கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. இவை தேவையான வேலைகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொங்கிரீட்டுக்குக் கடன் கிடைக்கும், தும்புத்தடிக்குக் கடன் கிடைக்காது. கட்டி முடித்து நாடா வெட்டிய மறுநாளிலிருந்து செலவு மாநகர சபையின் தலையிலோ பிரதேச சபையின் தலையிலோ விழுகிறது. சபைக்குச் சோலைவரியும் கடை வாடகையும்தான் வருமானம். சம்பளமும் டீசலும் போக மிஞ்சுவது என்ன என்பதைச் சபைக் கூட்டத்துக்குப் போய்க் கேட்டவர்களுக்குத் தெரியும். மெத எலவைப் பாருங்கள். 1812இல் முடிந்த கண்டி வாவியின் மேலதிகத் தண்ணீர் நகரத்தின் வயிற்றுக்குள்ளால் போய்க் கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. சந்தையும் பஸ் நிலையமும் புகையிரத நிலையமும் அதன் பக்கத்தில்தான். நகரத்தின் மத்தியில் ஓடுகிற கால்வாயை நாள்தோறும் துப்புரவு செய்வது கட்டடம் கட்டுவதை விடக் கஷ்டமான வேலை. அதற்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை.

இன்னொரு கேள்வி. பிடித்த குப்பையை எங்கே கொண்டுபோவது? கண்டி நகரக் குப்பை பல தசாப்தங்களாகக் கொஹாகொடவில் கொட்டப்பட்டு வந்தது. கொஹாகொட இருப்பதோ மகாவலிக் கரையில். ஓயாவிலிருந்து வாரி எடுத்ததை ஆற்றின் கரையிலேயே குவித்தால், பக்கத்துக் கடையில் வாங்கிய கடனை எதிர்க் கடையில் கடன் வாங்கிக் கட்டிய கணக்குத்தான். ஈரக் குப்பை பாரம் கூடியது, கொண்டுபோகும் கூலியும் கூடும். மூங்கிலும் மரமும் தனியே, மண் தனியே, பிளாஸ்டிக் தனியே என்று கரையிலேயே பிரித்தால் பாதிப் பாரம் அங்கேயே குறையும். மரத்தை விறகுக்குக் கேட்டு பேக்கரிக்காரர் வருவார், மண்ணை நிரப்ப இடம் தேடுகிறவர் டிப்பரோடு வருவார். பிரிக்காமல் ஏற்றினால் எல்லாமே குப்பை.

இனி மழையைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் செலவுக் கணக்கைத் தலைகீழாக்குவது அதுதான்.

வடிகானையோ மதகையோ திட்டமிடும் பொறியியலாளர் '10 வருடத்துக்கு ஒரு தடவை வரும் மழை', '25 வருடத்துக்கு ஒரு தடவை வரும் மழை' என்று ஓர் அளவை எடுத்துக்கொள்கிறார். 10 வருடத்துக்கு ஒரு தடவை என்றால் இன்று வந்தால் இனி 10 வருடத்துக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. கணக்குப் போட்டால், அடுத்த 10 வருடங்களுக்குள் ஒரு தடவையாவது அந்த மழை வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 65. அதே மழை காலநிலை மாற்றத்தால் 5 வருடத்துக்கு ஒரு தடவை வரும் மழையாக மாறினால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 89 ஆகிறது. மதகு அதே மதகுதான், ஓயாவும் அதேதான். அதைக் கட்டும்போது வாங்கிய பாதுகாப்பு மாத்திரம் கையை விட்டுப் போய்விடுகிறது.

காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு 7 அளவில் கூடுகிறது. அந்த நீர் ஒருநாள் விழத்தான் வேண்டும். டித்வாவுக்குப் பிறகு, 2025 டிசம்பரில், வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன் என்ற விஞ்ஞானிகள் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. இலங்கையில் இப்படிப்பட்ட ஐந்து நாள் பெருமழையின் கனம், உலகம் 1.3 பாகை சூடானதோடு ஒப்பிடும்போது, நூற்றுக்கு 28 முதல் 160 வரை கூடியிருப்பதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். 28க்கும் 160க்கும் இடையில் எவ்வளவு பெரிய இடைவெளி என்று பாருங்கள். ஒரு சாமானின் விலை அடுத்த வருடம் 28 வீதமும் கூடலாம், 160 வீதமும் கூடலாம் என்று ஒருவர் சொன்னால் அதை நம்பி நீண்டகால ஒப்பந்தம் எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள். கையிருப்பைக் குறைவாக வைத்து, விலை மாறினாலும் அடிபடாத வியாபாரத்தைச் செய்வீர்கள். ஓயா விடயத்திலும் அந்த நிதானம் வேண்டும் என்பதே என் கருத்து. ஒரே பெரிய தடுப்பில் எல்லாப் பணத்தையும் போடுவது, மழை நாம் கணக்குப் போட்ட அளவைத் தாண்டாது என்று பந்தயம் கட்டுவதாகும்.

டித்வா நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆகக் கூடுதலான மரணங்கள் கண்டி மாவட்டத்தில்தான், 200க்கு மேல். உலக வங்கியின் மதிப்பீட்டின்படி நாட்டின் நேரடிச் சேதம் சுமார் 410 கோடி டொலர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 4. மாவட்டங்களில் முதலிடம் கண்டிக்கு, சுமார் 69 கோடி டொலர். மலை சரிந்து மண்ணும் பாறையும் வேரோடு மரமும் ஒன்றாக இறங்கின. பேராதனையில் மகாவலிக்கு மேலே தலைமுறை தலைமுறையாக நின்ற புகையிரதப் பாலமே அந்த வெள்ளத்தில் சேதமடைந்தது. அக்குறணையில் நாம் கேட்கின்ற கம்பித் தடுப்பு அந்த இரவில் என்ன செய்திருக்கும்? உடைந்திருந்தால் பரவாயில்லை. உடையாமல் நின்றிருந்தால் டவுனுக்கு மேலே ஓர் அணைக்கட்டு உருவாகி, பிறகு ஒரேயடியாக உடைந்திருக்கும்.

ஆகவே இரண்டு விதமான மழையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு மணித்தியாலம் கொட்டி டவுனைக் குழப்பும் மழை ஒன்று. அதில் மதகு அடைபடுவதுதான் பெரிய காரணம், அங்கே குப்பை பிடிப்பது பலன் தரும். டித்வா போன்றது மற்றது. அதற்கு மருந்து ஓயாவுக்கு இடம் விடுவதும், நேரத்தோடு எச்சரித்து ஆட்களை வெளியேற்றுவதும்தான். முதலாவதுக்கு வாங்குகின்ற மருந்து இரண்டாவது வரும்போது விஷமாகக் கூடாது.

இடம் விடுவது என்று எழுதியதும் சிலருக்கு முகம் மாறும் என்று தெரியும். ஓயாக் கரையை ஒட்டியும் சில இடங்களில் ஓயாவுக்குள்ளேயே தூண் இறக்கியும் கட்டடங்கள் எழும்பியிருப்பது ஊரில் யாருக்கும் இரகசியமல்ல. அகலமாக ஓட வேண்டிய தண்ணீரைத் தூண்களுக்கு இடையால் போகச் சொன்னால், ஒவ்வொரு தூணும் ஒரு கம்பித் தடுப்புத்தான். மூங்கிலைப் பிடிக்க அரசாங்கம் தனியாகக் கம்பி நாட்டத் தேவையில்லை, நாமே நாட்டி வைத்திருக்கிறோம். இதைப் பேசினால் "எமது ஊரை மாத்திரம் உடைக்கப் பார்க்கிறார்கள்" என்ற பயம் வருகிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதைக் கண்ட சமூகத்திடம் அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் வாய் மூடியிருப்பதும் வழியல்ல. மேலே மலையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை முழு ஓயாவையும், இரண்டு கரைகளையும், ஒரே அளவுகோலால் அளந்து வரைபடத்தைப் பகிரங்கமாக வெளியிடுங்கள் என்று கேட்பதற்கு முதல் உரிமை எமக்குத்தான் உண்டு. யாருடைய கட்டடமாக இருந்தாலும், கோயில் காணியாக இருந்தாலும் பள்ளிக் காணியாக இருந்தாலும் அரச காணியாக இருந்தாலும், ஒரே சட்டம். உறுதிப்பத்திரமும் அனுமதியும் பெற்றுக் கட்டியவருக்கு நட்டஈடு. அளவை வேறு யாரோ எமக்காகக் கேட்கும் வரை காத்திருந்தால் அது எப்படி வரும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

குப்பை விடயத்தில் கடைக்காரரின் பங்கு என்ன என்பதற்குப் பெரிய பிரசங்கம் தேவையில்லை. 2007இல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடுக்கப்பட்டது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த 2017ஆம் வருடம் செப்டம்பர் முதல் லஞ்ச் ஷீட்டும் ஷொப்பிங் பேக்குகளில் ஒரு வகையும் ரெஜிபோர்ம் பெட்டியும் தடுக்கப்பட்டன. 2025 நவம்பர் 1 முதல் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விலையை எழுதி வைத்துப் பில்லில் போட வேண்டும் என்று நுகர்வோர் அதிகார சபையின் சட்டம் வந்தது. சில கடைகளில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை நான் எழுதத் தேவையில்லை. பங்களாதேஷ் 2002இல் மெல்லிய பொலித்தீன் பையை முழுமையாகத் தடை செய்தது. உலகிலேயே முதலில் செய்த நாடு அது. டாக்காவின் வடிகான்கள் பையால் அடைபட்டு வெள்ளம் நீடித்ததுதான் அதற்குக் காரணம். பிறகு நடைமுறையில் அது தளர்ந்து போனது வேறு கதை. பேக்குக்கு வாங்கும் காசைக் கல்லாவில் போடாமல் ஓயாவுக்கென்று ஓர் உண்டியலில் போட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை உண்டு.

அந்த உண்டியல் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? கணக்குக்காக ஒரு டவுனில் 200 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குக் கடைக்கு 100 ரூபா, ஒரு பிளேன்டியும் வடையும் குடிக்கிற காசு. நாளுக்கு 20,000 ரூபா, வருடத்துக்கு 73 இலட்சம். நான்கு பேருக்கு 3,000 ரூபா வீதம் 12,000 போனாலும் மீதி 8,000ஐச் சேர்த்து வைத்தால் டிராக்டருக்கும் பெக்கோவுக்கும் பூட்ஸ் கையுறைக்கும் மழை இரவுக் கொடுப்பனவுக்கும் ஓரளவுக்குப் போதும். மறுபக்கம் பாருங்கள். அதே 200 கடைகளுக்கு ஒரு வெள்ளத்தில் சராசரி 5 இலட்சம் சேதம் என்றால் 10 கோடி. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலும் வருடத்துக்கு 3 கோடியே 33 இலட்சம். 73 இலட்சம் செலவழித்து அதில் கால்வாசியைத் தவிர்த்தாலே முதல் மிஞ்சுகிறது. என் இலக்கங்கள் உங்கள் ஊருக்குப் பொருந்தாவிட்டால் உங்கள் இலக்கங்களைப் போட்டுப் பாருங்கள்.

வியாபாரிகள் மாத்திரம் கொடுக்க வேண்டும் என்பது என் வாதமல்ல. பிங்கா ஓயாவின் மண்ணும் குப்பையும் அக்குறணையோடு நின்றுவிடுவதில்லை. கட்டுகஸ்தோட்டையைக் கடந்தால் பொல்கொல்லை. 1976இல் திறக்கப்பட்ட அந்தத் தடுப்பணையிலிருந்து மகாவலித் தண்ணீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தினூடாக உக்குவளை மின்நிலையத்துக்கும், அங்கிருந்து வடமத்திய வயல்களுக்கும் போகிறது. கட்டி 12 வருடங்களுக்குள்ளேயே அந்தச் சிறு நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு 40க்கு மேல் மண் நிரம்பிவிட்டதாகக் கணக்கெடுத்தார்கள். அதாவது மேலே ஓயாவில் ஒருவர் மண்வெட்டியால் எடுக்கும் ஒவ்வொரு கூடையும் கீழே மின்சாரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை மேலே உள்ள சபைகளுக்குத் தரும்படி மகாவலி அதிகார சபையிடமும் மின்சாரத் துறையிடமும் கேட்பது பிச்சையல்ல, கணக்கு. இதை எமது பிரதிநிதிகள் யாராவது கேட்டதாக நான் அறியவில்லை.

அப்படியானால் தடுப்பே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு மாதிரி. டவுனுக்குள் ஓயாவுக்குக் குறுக்கே ஒன்று வேண்டாம். டவுனுக்கு மேலே, ஓயாவில் வந்து விழும் சிறு கான்களின் வாயில், லொறி போகக்கூடிய இடங்களில் சிறிய தடுப்புகள் பல. கம்பி கீல் வைத்து ஒரு பக்கம் திறக்கக்கூடியதாக, பலம் ஒரு அளவைத் தாண்டினால் தானாகச் சாய்ந்து வழி விடக்கூடியதாக. அடைபட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டு, அந்தப் பக்கத்தில் கடையோ வீடோ இல்லாததாக. சரிவுகளில் ஜப்பானியர் 'சாபோ' என்று கட்டுகின்ற சிறு தடுப்புச் சுவர்களைப் பற்றிக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்கலாம். அவை மண்ணையும் பாறையையும் மேலேயே பிடிக்கும், ஆனால் நிரம்பினால் அவற்றையும் காலி செய்ய வேண்டும். ஒன்று உடைந்தால் ஒன்றுதான் போகும், பக்கத்தில் உள்ளவை நிற்கும். விலையும் குறைவு. ஹார்ட்வெயார்காரன் என்ற முறையில் சொல்கிறேன், சிறு கம்பி வேலையை ஊர் வெல்டிங்காரனே திருத்துவான். வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரத்துக்கு ஒரு பெல்ட் போனால் மூன்று மாதம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பராமரிப்புக்கு நிரந்தர வருமானம் தேடுகின்ற இடத்தில் எமது சமூகத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய தேவையில்லை. ஒரு கடையின் வாடகையைப் பள்ளிவாசலின் விளக்குக்கும் மத்ரஸாவின் சோற்றுக்கும் வக்பு எழுதி வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். கட்டடத்துக்குக் காசு சேர்ப்பது இலகு, விளக்கு எரிய எண்ணெய்க்கு வருடாவருடம் காசு சேர்ப்பது கஷ்டம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓயாக் காவலுக்கு ஒரு கடை வாடகையை எழுதி வைக்கலாமா என்பதை உலமாக்களிடம் கேட்டு வசதியுள்ளவர்கள் யோசிக்கட்டும். ஓயாவின் பயன் எல்லாச் சமூகத்தவருக்கும் போகும் என்பதால் நிர்வாகத்தில் எல்லோரும் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிரதேச சபைகளுக்கு 2025 மே 6இல் தேர்தல் நடந்து, பல வருட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். சபையின் வரவு செலவுத் திட்டம் வருடக் கடைசியில் வரும். வர்த்தக சங்கங்கள் அதற்கு முன்னர் எழுத்தில் கொடுக்க வேண்டியது நான்கு வரிதான்: தடுப்புகள் எந்த இடங்களில், ஒவ்வொன்றையும் கழுவும் பொறுப்பு எந்தப் பதவியில் உள்ளவருக்கு, மழை இரவில் அழைக்க எந்தத் தொலைபேசி, அதற்கு வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு. நான்காவது வரிக்கு எதிரே வெற்றிடம் இருந்தால் முதல் வரியிலுள்ள கம்பியை என்னிடம் வாங்க வேண்டாம்.